கரடி விடுகிறவர்களும் கரடியைச் சுட்டவரும்

"அம்மா, ஒரு துப்பாக்கி வாங்கணும். எது வாங்கறதுன்னு தெரியல" என்று அவள் அலைபேசியில் சொன்னபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரியில் புவியமைப்பியல் படித்தவள். பகுதி ஒன்று தமிழுக்காக என் வகுப்பில் இரண்டு ஆண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது அலாஸ்காவில், ஃபேர்பேங்க்ஸ் நகரத்தில் இருக்கிறாள். ஆண்டு முழுவதும் உருகாமல் கிடக்கும் உறைநிலத்தைத் துளைத்து ஆராய்வது வேலை. அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டாள்.

கோடை முடியும்போது அவளோடு வேலை செய்கிறவர்கள் காரிபூ வேட்டைக்குப் போவார்கள். காரிபூ என்பது வடதுருவப் பக்கத்துப் பனிமான். ஒன்று கிடைத்தால் குளிர்காலத்தில் பல வாரங்களுக்கு வீட்டில் கறி இருக்கும். இந்தமுறை தானும் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மானைச் சுடப் பெரிய துப்பாக்கி தேவையில்லை. ஆனால் அது கரடிகளின் நாடு. மானை அறுக்கும்போது எழும் இரத்த வாடைக்குக் கிரிஸ்லிக் கரடி வரலாம். ஆகவே, மானுக்கு வாங்கும் துப்பாக்கி கரடிக்கும் போதுமா என்ற கேள்வி வருகிறது. நூறு ஆண்டுகளாக அமெரிக்க வேட்டை எழுத்து இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

அலுவலகத்து ஆண்கள் அனைவரும் ஒரே குரலில் .338 மேக்னம் என்றிருக்கிறார்கள். ஒருவர் தன்னுடையதைச் சுட்டுப் பார்க்கக் கொடுத்தார். ஐந்து குண்டு சுட்டதில் தோள்பட்டை கன்றிப்போய்விட்டது. ஆறாவதுக்கு, விசையை இழுக்கும் முன்பே கண் தானாக மூடிக்கொண்டது. குறி எங்கோ போயிற்று. அவர்கள் கேலி செய்யவில்லை. அன்பாகத்தான் சொன்னார்கள், பெண்களுக்கென்று சின்னதாக ஒன்று வருகிறது, அதை வாங்கிக்கொண்டு கரடிக் காவலை எங்களிடம் விட்டுவிடு என்று.

"எனக்கு எந்தத் துப்பாக்கின்னு நீங்க சொல்ல வேண்டாம்மா. இவங்க எழுதினதைப் படிச்சுச் சொல்லுங்க. எழுத்துல எங்க கரடி விடறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

கல்லூரி நாட்களில் என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளால் ஐந்து தோட்டா சுட்டதோடு என் துப்பாக்கி அனுபவம் முடிந்தது. ஆனால் அவள் கேட்டது என் வேலைதான். புத்தகங்கள், ஓர் அரசு அறிக்கை, பழைய பத்திரிகைக் கட்டுரைகளின் நகல்கள் என ஒரு கட்டு அனுப்பினாள். மூன்று மாதம் படித்தேன். இது அந்த வாசிப்பு.

முதலில் எண்களைக் கடக்க வேண்டும். துப்பாக்கி எழுத்தாளர்கள் புதியவர்களை வாசலிலேயே நிறுத்துவது எண்களால்தான். உண்மையில் அவற்றில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. .338 என்றால் குண்டின் குறுக்களவு 0.338 அங்குலம். 30-06 என்பதில் முப்பது குறுக்களவு. 06 என்பது ஆண்டு, 1906. அமெரிக்க இராணுவம் அந்த ஆண்டு ஏற்றுக்கொண்ட தோட்டா அது. இரண்டு உலகப் போர்களில் மனிதர்களைக் கொன்றுவிட்டு, அப்படியே மான் வேட்டைக்கு வந்தது. .375 ஹெச் அண்ட் ஹெச் 1912இல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி செய்தது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் வேட்டையாடிய வெள்ளைக்காரத் துரைகளின் கைக்குப் போனது. .338 வின்செஸ்டர் மேக்னம் 1958இல் வந்தது; அதற்காக வின்செஸ்டர் செய்த ரைஃபிளுக்கு 'அலாஸ்கன்' என்றே பெயர் வைத்தார்கள். மேக்னம் என்ற சொல் பெரிய மதுப்புட்டியின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். குண்டின் எடையைக் 'கிரெய்ன்' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு கிராமுக்குப் பதினைந்து கிரெய்னுக்குச் சற்று மேல். .375க்கு வழக்கமான குண்டு 300 கிரெய்ன், அதாவது பத்தொன்பது கிராமுக்குமேல். அதை அனுப்பும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. ஒரே எடையுள்ள துப்பாக்கிகளாக இருந்தால் .375இன் உதை 30-06இன் உதையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. இவ்வளவு தெரிந்தால் போதும், இந்த இலக்கியத்துக்குள் நுழைந்துவிடலாம்.

இலக்கியம் என்று கிண்டலாகச் சொல்லவில்லை. இதற்கென்று மரபு உண்டு, வகைமை உண்டு, இரண்டு பெரும் ஆசிரியர்களும் உண்டு. எல்மர் கீத் ஐடஹோவில் மாடும் குதிரையும் மேய்த்தவர். பெரிய குறுக்களவு, கனத்த குண்டு, மற்றதெல்லாம் வீண் என்பது அவர் கட்சி. அவரும் நண்பர்களும் தங்கள் பட்டறையில் உருவாக்கிய ஒரு தோட்டாவின் வழிவந்ததுதான் என் மாணவியின் தோளைக் கன்ற வைத்த .338. தன் வரலாற்றுக்கு அவர் வைத்த தலைப்பே, நான் அங்கே இருந்தேனாக்கும் என்று மேசையைத் தட்டுகிற தொனியில் இருக்கும். எதிர்க்கட்சி ஜாக் ஓ'கானர். அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் இதழியலும் கற்பித்தவர், நாவல் எழுதியவர், பிறகு 'அவுட்டோர் லைஃப்' பத்திரிகையில் நீண்டகாலம் துப்பாக்கிப் பகுதி ஆசிரியர். 1925இல் வந்த .270 வின்செஸ்டர் என்ற மெல்லிய, வேகமான தோட்டாவை நாடெங்கும் பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கரடிக்கும் அது போதும், சரியான இடத்தில் பட வேண்டும், அவ்வளவுதான் என்றார். இருவரும் பல பத்தாண்டுகள் அச்சில் அடித்துக்கொண்டார்கள். நம்மூர்ப் பட்டிமன்றம்தான், நடுவர் மட்டும் இல்லை.

ஓ'கானரின் உரைநடை எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கீத்திடம் இல்லாத நகைச்சுவை அவரிடம் உண்டு, தன்னையே கேலி செய்துகொள்ளும் துணிச்சலும் உண்டு. ஆனால் இருவரிடமும் ஒரே வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. பயத்தைப் பயம் என்று இருவரும் எழுதுவதில்லை. கரடி அறுபது அடி தூரத்தில் புதரை விலக்கி வருகிறது. அடுத்த வாக்கியம் குண்டின் எடை. நெஞ்சு அடித்துக்கொண்டது, வாய் உலர்ந்தது என்று வர வேண்டிய இடத்தில் கிரெய்னும் அடி-பவுண்டும் வருகின்றன.

இதைப் படிக்கும்போது எனக்குக் குறிஞ்சிப் பாடல்கள் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. ஆய்வேடு முழுவதும் அவற்றோடுதான் கழித்தேன். அங்கே கரடிக்கு எண்கு என்று பெயர். ஈரப் புற்றைக் கிளறிக் கரையான் தின்னும் எண்கு, தலைவன் இரவில் வரும் வழியில் நிற்கிறது. யானை, புலி, பாம்பு, சுழித்தோடும் ஆறு என்று அந்த வழியின் ஆபத்துகளை ஒன்றுவிடாமல் அடுக்கிச் சொல்பவள் தலைவி, அல்லது தோழி. எழுதிய கை பெரும்பாலும் ஆணுடையதுதான். என்றாலும், அஞ்சுகிறேன் என்று சொல்வதற்கு அவனுக்கு ஒரு பெண்குரல் தேவைப்பட்டது. அமெரிக்க வேட்டை எழுத்தில் பெண்குரலும் இல்லை. பயம் எங்கேயாவது போய் ஒளிய வேண்டுமே, அது எண்ணுக்குள் போய் ஒளிந்துகொண்டது. துப்பாக்கியின் குறுக்களவு வளர வளர, சொல்லாத பயமும் வளர்கிறது என்று வாசித்தால் கீத்தின் புத்தகங்கள் வேறு புத்தகங்கள் ஆகிவிடுகின்றன. கொஞ்சம் பாவமாகக்கூட இருக்கிறது.

ஆனால் ஓ'கானரின் பக்கங்களில் ஒரு பெண் வருகிறார். அவர் மனைவி எலினார். சிறிய உருவம். கையில் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டா போடும் ரைஃபிள், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த, உதை குறைந்த இராணுவத் தோட்டா. ஆப்பிரிக்காவில் பெரிய மான்களை அதனால் வீழ்த்தினார். யானையை 30-06ஆல் சுட்டார். கணவர் இதைப் பெருமையோடு எழுதினார், காதலோடும் எழுதினார். ஆனாலும் எலினார் அந்தப் பக்கங்களுக்குள் வருவது எதற்காக என்று பார்க்க வேண்டும். கீத்துக்குப் பதில் சொல்ல வருகிறார். சின்னத் தோட்டா போதும் என்ற வாதத்துக்குச் சான்றாக வருகிறார். நான் படித்த அளவில், அவரைக் கணவரின் வாக்கியங்கள் வழியாகத்தான் பார்க்க முடிகிறது. விசையை இழுப்பதற்குமுன் அவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார், எந்தச் சூடுகளை வேண்டாமென்று விட்டார் என்பதைவிட, எந்தத் தோட்டா என்பதே கதையின் முடிவாக நிற்கிறது.

பிறகு வந்த வாசகர்கள் இந்தச் சான்றை இன்னும் ஒரு படி கீழே இறக்கினார்கள்: ஒரு பெண்ணாலேயே இதனால் யானையைச் சுட முடிந்தது என்றால் பாருங்கள், அது எவ்வளவு நல்ல தோட்டா! ஆண் சுட்டால் பெருமை ஆணுக்கு. பெண் சுட்டால் பெருமை தோட்டாவுக்கு.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல. என் முதல் கவிதைத் தொகுப்புக்கு வந்த மதிப்புரை ஒன்று, சொற்செட்டு அருமை என்று சொல்லிவிட்டு, அதற்கு என் நெறியாளர் தந்த சங்க இலக்கியப் பயிற்சியைப் பாராட்டியிருந்தது. அவரிடம் காட்டினேன். "நான் உனக்கு அடிக்குறிப்புப் போடத்தானேம்மா கத்துக்குடுத்தேன்" என்று சிரித்தார்.

இந்தக் கணக்கின் உச்சம் பெல்லா ட்வின். என் மாணவி அனுப்பிய கட்டில் நான்கு இடங்களில் இவர் வருகிறார். நான்கிலும் ஓரிரு பத்திகள், அதற்குமேல் இல்லை.

1953 மே மாதம் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், ஸ்லேவ் லேக் ஊருக்கு அருகே நடந்தது. பெல்லா ட்வின் கிரீ இனப் பெண். அறுபது வயதைத் தாண்டியவர். பொறி வைத்து விலங்கு பிடித்துத் தோல் விற்கும் வாழ்க்கை. துணைவர் டேவ் ஆகருடன், எண்ணெய் தேடுவதற்காகக் காட்டில் வெட்டியிருந்த நீண்ட பாதையில் நடந்துகொண்டிருந்தார். கையில் கூயி ஏஸ் 1 என்ற மலிவான ரைஃபிள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போட முடியும். சுட்டபின் திறந்து, அடுத்ததைக் கையால் வைக்க வேண்டும். தோட்டா .22 லாங். நான் என்.சி.சி.யில் சுட்ட அதே குறுக்களவு, அதைவிட வலு குறைந்தது. குண்டின் எடை இரண்டு கிராம்கூட வராது. காட்டுக்கோழிக்கும் முயலுக்கும் உரியது. பெரிய கிரிஸ்லி ஒன்று அந்தப் பாதையில் அவர்களை நோக்கி வந்தது. இருவரும் புதருக்குப் பின்னால் ஒதுங்கி, அது போய்விடட்டும் என்று காத்திருந்தார்கள். போகவில்லை. சில அடி தூரத்துக்கு வந்துவிட்டது. இனி அது நம்மைக் கண்டுகொள்ளும்வரை இருப்பதைவிடச் சுடுவதே மேல் என்று பெல்லா முடிவு செய்தார். தலையின் பக்கவாட்டில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே சுட்டார். கரடி விழுந்தது. அதன்பிறகும் விடவில்லை. ஒவ்வொன்றாகத் தோட்டாவைப் போட்டு, கையில் இருந்தது தீரும்வரை அதன் தலையில் சுட்டார்.

கரடிகளின் பெருமையை அங்கே மண்டையோட்டின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி அளக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி, அதுவரை கிடைத்த கிரிஸ்லிகளில் உலகிலேயே பெரியது அது.

இதை வேட்டை எழுத்து எப்படிச் சொல்கிறது? 'அதிர்ஷ்டம்' என்ற சொல் வராத வடிவத்தை நான் பார்க்கவில்லை. ஒன்றில் அவர் பாட்டி. இன்னொன்றில் சின்னஞ்சிறு இந்தியக் கிழவி. வாதம் சூடாக இருக்கும்போது யாராவது, கிழவி ஒருத்தி .22ஆல் உலகச் சாதனைக் கரடியையே கொன்றாள் தெரியுமா என்று ஒரு போடு போடுகிறார். எல்லாரும் சிரித்துவிட்டு மீண்டும் .338க்கும் .375க்கும் திரும்பிவிடுகிறார்கள். விதிவிலக்கு என்று பெயர் வைத்தபின் அதிலிருந்து யாரும் எதையும் கற்க வேண்டியதில்லை.

நான் கதையைத் திரும்பப் படித்தேன். இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது? முதலில் ஒதுங்கினார். காத்திருந்தார். சுடாமல் தப்ப முடியுமா என்று பார்த்தார். முடியாது என்று ஆனபோது, தன் கையிலிருக்கும் கருவியால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை அறிந்து, அது முடியும் ஒரே இடத்தில் சுட்டார். நெஞ்சில் சுட்டிருந்தால் இரண்டு கிராம் ஈயம் கொழுப்பிலேயே நின்றிருக்கும். பொறியில் சிக்கிய விலங்கை, தோல் கெடாமல் தலையில் சுட்டு முடிப்பது பொறிவேட்டைக்காரர்களின் அன்றாட வேலை, அதற்கான கருவியே.22தான். மண்டையோட்டில் எலும்பு எங்கே மெலிது என்பதைத் தோல் உரித்த கை அறியும். விழுந்த கரடியை அவர் நம்பாததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியில், முன்னால் அப்படி ஒன்று கிடக்கும்போது, விரல் நடுங்காமல் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட எத்தனை ஆண்டுப் பழக்கம் வேண்டும்! இதே நிதானத்தோடு ஓர் ஆண் ஆப்பிரிக்காவில் சுட்டபோது அது கலையாயிற்று. கரமோஜோ பெல் என்று பெயரெடுத்த ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார், அவற்றில் மிகப் பலவற்றை 7 மில்லிமீட்டர் தோட்டாவால். யானையின் மண்டையோட்டை அறுத்துப் படித்த அறிஞர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். அவரை யாரும் அதிர்ஷ்டசாலி என்று சொல்லி நான் படிக்கவில்லை. கனடாவில் 'இந்தியர்' என்று பதிவான முதற்குடியினருக்கு, அந்தப் பதிவை இழக்காமல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1960இல்தான் கிடைத்தது. 1953இல் ஒரு கிரீ மூதாட்டிக்குப் புலமை இருக்கலாம் என்று யார் எழுதப்போகிறார்கள்?

அதற்காக .22ஐ எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போ என்று என் மாணவிக்குச் சொல்வேனா? மாட்டேன். பெல்லாவே வேறு வழியிருந்தால் சுட்டிருக்க மாட்டார். ஓடிவரும் கரடியை நிறுத்தக் கனத்த, ஆழமாய் ஊடுருவும் குண்டு வேண்டும் என்பது உண்மை. கீத் சொன்னதில் அந்தப் பாதியை நான் மறுக்கவில்லை. பெண்ணியம் பேசுகிறேன் என்று இயற்பியலை மறுக்க முடியாது.

நம் தோழிகளில் சிலர் இங்கே வேறொன்று கேட்பார்கள்: வேட்டையே ஆணாதிக்கத்தின் விளையாட்டு அல்லவா, இதில் பெண்ணுக்கு நல்ல துப்பாக்கி தேடுவது என்ன பெண்ணியம்? கறிக்கும் ஆணதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றிக் கேரல் ஆடம்ஸ் 1990இல் எழுதிய நூலை நானும் வகுப்பில் பேசியிருக்கிறேன். சுவரில் தலையை மாட்டும் வேட்டைக்கு அந்த வாதம் பொருந்தும். ஆனால் பெல்லா ட்வினைப் பார்த்து நீயும் ஆண்களின் ஆட்டத்தை ஆடுகிறாய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கடையில் பொட்டலமாகக் கறி வாங்குகிற நான் அதைச் சொல்வது இன்னும் அசிங்கம்.

கட்டின் அடியில் இரண்டு வறட்டு ஆவணங்கள் இருந்தன. மூன்று மாத வாசிப்பில் எனக்கு மிகப் பிடித்தவை அவைதான். ஒன்று, 1983இல் அமெரிக்க வனத்துறையின் ஆய்வுநிலையம் வெளியிட்ட அறிக்கை. மீஹன், திலெனியஸ் என்ற இருவர், கரடி நாட்டில் வேலை செய்யும் வனத்துறை ஊழியர்களுக்காக, கிட்டத்திலிருந்து சுட்டால் எந்தக் குண்டு என்ன செய்கிறது என்று சோதித்து எழுதியது. .458, .375, .338 ஆகிய பெருந்தோட்டாக்கள் முன்னால் நிற்கின்றன, அது எதிர்பார்த்ததே. அவற்றோடு ஒரே வரிசையில், 220 கிரெய்ன் குண்டு போட்ட பழைய 30-06உம் நிற்கிறது.

இன்னொன்று, அலாஸ்கா மாநில மீன்-வனவிலங்குத் துறை வேட்டைக்காரர்களுக்குச் சொல்லும் ஆலோசனை. வழிகாட்டிகளின் பெரிய புகார், தங்கள் துப்பாக்கியால் சரியாகச் சுடத் தெரியாமல் வருகிறவர்களைப் பற்றித்தானாம். பளபளக்கும் புது மேக்னத்தை நாலு தோட்டா சுட்டுக் குறி பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வருபவரைவிட, நன்றாகச் சுட்டுப் பழகிய .270ஓ 30-06ஓ கொண்டுவருபவரையே அவர்கள் விரும்புகிறார்கள் என்கிறது துறை. பழுப்புக் கரடிக்கும்கூட, 200 அல்லது 220 கிரெய்ன் நல்ல குண்டு போட்ட 30-06 சரியான இடத்தில் பட்டால் வேலையை முடிக்கும். அதைப்போலவே துல்லியமாகச் சுட முடிந்தால் மட்டும் பெரியதை நினைத்துப் பார் என்கிறது.

இந்த ஆவணத்தில் ஒரு சொல்லைத் தேடினேன். பெண்களுக்கு உதை அதிகம் என்று எங்காவது இருக்குமென்று எதிர்பார்த்தேன். இல்லை. எல்லாரையும் வேட்டைக்காரர் என்றே குறிப்பிடுகிறது. அதாவது .338இன் உதையில் கண்ணை மூடிக்கொள்வது என் மாணவியின் பெண்ணுடம்புக் குறை அல்ல. மனிதத் தோள்களுக்குப் பொதுவானது. அலுவலகத்து ஆண்களில் எத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறார்கள் என்பது அவர்களுக்கும் அவர்களின் காரிபூவுக்கும் மட்டும் தெரிந்த இரகசியம். பெண்ணுக்கென்று தனிச்சிறிய துப்பாக்கி இருப்பது எதற்கென்றால், அந்த இரகசியத்தைக் காப்பாற்றத்தான்.

உடம்புக்கேற்ற துப்பாக்கி என்பது வேறு விஷயம், அது நியாயமானது. தோளுக்கும் விசைக்கும் இடையிலான கட்டையின் நீளம் நீண்டகாலமாகச் சராசரி ஆணின் கைக்கு அளந்தது. குட்டையான கட்டை வேண்டுமென்றால், சிறுவர்களும் பெண்களும் என்று ஒரே பெயர்ச்சீட்டு ஒட்டிய அலமாரிக்குப் போக வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையனும் நாற்பது வயதுப் பெண்ணும் ஒரே உடம்பாம். மேக்னங்களுக்குப் பேர்போன வெதர்பி கம்பெனி 2016இல் பெண்களின் கழுத்து, தோள், கை அளவு பார்த்துக் கட்டை செதுக்கிய ரைஃபிள் ஒன்றைக் கொண்டுவந்தது. நல்ல காரியம். பெயர் கமிலா, நிறுவனரின் மனைவி பெயர். பெண்ணின் துப்பாக்கிக்கும் கணவர் வழியாகத்தான் பெயர் வருகிறது.

என் மாணவிக்கு இன்னொரு கதை மனப்பாடமாகத் தெரியும். புவியமைப்பியலாளர்கள் எல்லாருக்கும் தெரியுமாம். 1977 ஆகஸ்டில் சிந்தியா டூசெல்-பேகன் என்ற அமெரிக்கப் புவியமைப்பியலாளர், அலாஸ்கா உள்நாட்டு மலையில் ஹெலிகாப்டரில் இறங்கி, தனியாக வரைபட வேலை செய்துகொண்டிருந்தார். கையில் துப்பாக்கி இல்லை. கருங்கரடி தாக்கியது. கரடி தன்னைத் தின்றுகொண்டிருக்கும்போதே பைக்குள் கைவிட்டு வானொலிக் கருவியை எடுத்துத் துணைக்கு அழைத்தார். இரண்டு கைகளையும் இழந்தார். பிறகு அதே வேலைக்குத் திரும்பி, பல ஆண்டுகள் அலாஸ்காவின் பாறைகளையே ஆராய்ந்தார். துப்பாக்கி எழுத்து இந்தக் கதையைத் தொட்டால், துப்பாக்கி இருந்திருந்தால் என்ற ஒரே வாக்கியத்தோடு முடித்துக்கொள்கிறது. இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம், யார் கண்டது. ஆனால் அவரே எழுதியதைப் படித்தால், வானொலிதான் அதில் உயிர். அந்தக் கை எட்டிய தூரம்.

டாம் ஸ்மித்தும் ஸ்டீபன் ஹெரேரோவும் மற்றவர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 1883 முதல் 2009 வரை அலாஸ்காவில் துப்பாக்கி கையிலிருந்தபோது நடந்த 269 கரடிச் சம்பவங்களை எடுத்துப் பார்த்தது. சுட்டவர்களுக்கும், கையில் இருந்தும் சுடாதவர்களுக்கும் காயம்பட்டதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எடுக்க, குறிபார்க்க நேரம் கிடைப்பதில்லை என்பது ஒரு காரணம். அதே ஆய்வாளர்கள் 2008இல் கரடி விரட்டும் காரத் தெளிப்பானைப் பற்றி எழுதினார்கள். பழுப்புக் கரடிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு சம்பவங்களில் அது வேலை செய்தது. உள்ளே இருப்பது நம் மிளகாயின் காரச்சத்து. இரண்டு ஆய்வுகளையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாதுதான்; துப்பாக்கிச் சம்பவங்களில் வேட்டைக்காரர்கள் அதிகம், நிலைமைகள் வேறு. ஆனாலும் கீத்தின் வாரிசுகள் குண்டின் எடைக்கு ஒதுக்கும் பக்கங்களில் பத்தில் ஒன்றைக்கூட இந்தக் குப்பிக்கு ஒதுக்குவதில்லை. மிளகாய்ப்பொடி அடுப்படிச் சமாசாரம் ஆயிற்றே.

2024இல் ஒரு கேள்வி டிக்டாக் வழியாக உலகைச் சுற்றியது: காட்டில் தனியே மாட்டிக்கொண்டால் பக்கத்தில் முகம் தெரியாத ஆண் இருக்கட்டுமா, கரடி இருக்கட்டுமா? பல பெண்கள் கரடி என்றார்கள். என் வகுப்பிலும் முக்கால்வாசிக் கைகள் கரடிக்கே எழுந்தன. கை தூக்கியவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கரடி ஓர் உருவகம். ஃபேர்பேங்க்ஸ்காரிக்கு முன்னால் இருந்தது கரடி. பக்கத்தில் இருந்தவர்கள் முகம் தெரிந்த, நல்ல ஆண்கள். அவர்கள் கையில் இருந்த அறிவுரைதான் அவளைக் காட்டுக்கு வெளியே நிறுத்தப் பார்த்தது.

படித்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் 30-06 வாங்கினாள். யாரோ பயன்படுத்தி விற்றது, நடுநீளக் கட்டை. கட்டையில் அரை அங்குலம் அறுத்துச் சீர்செய்தார் ஒரு பட்டறைக்காரர். ஜூன் முதல் வாரம் தவறாமல் சுட்டுப் பழகினாள். காரத் தெளிப்பானை மார்பில் கட்டிக்கொண்டாள், மானை அறுக்கும்போதும் கை எட்டும்படி.

செப்டம்பரில் கூப்பிட்டாள்.

"கிடைச்சதா?"

"கிடைச்சதும்மா. ஒரே குண்டு."

"கரடி?"

"வந்துச்சு. ரொம்ப தூரத்துல, எதிர் மேட்டுல. பழம் தின்னுட்டே இருந்துச்சு. நாங்க கறியைக் கட்டிக்கிட்டு இந்தப் பக்கமா இறங்கிட்டோம்."

ஒரு மாதம் கழித்து மறுபடியும் பேசும்போது அதைப் பற்றிக் கேட்டேன். சிரித்தாள். கூட வந்தவர் அலுவலகத்தில் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இப்போது அந்தக் கரடி ஐம்பது அடிக்கு வந்துவிட்டது.